ஆன்சிலாவின் அடி

"முற்றம் எத்தனை அடி?" என்று கேட்டேன்.
இரண்டாம் வகுப்பு அமைதியானது.
"ஆருக்கு டீச்சரே அடி?" என்றான் ஜெபினோ,
உள்ளங்கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

தமிழே, உன்னோடு இதுதான் தொல்லை.
பாதமும் அடி, பிரம்பும் அடி,
சோற்றுப்பானையில் பிடிப்பதும் அடி.
மூன்றையும் பிரித்துச் சொல்வதற்குள்
மணி அடித்துவிட்டது.

குறும்பனையில் எங்கள் பள்ளிக்கூட முற்றம்
சாலையோடு கலந்து கிடக்கிறது.
மீன் டெம்போ திரும்பும் வளைவு.
புன்னைமரத்திலிருந்து கொடிக்கம்பம் வரை
ஒரு கயிறு கட்டினால் பிள்ளைகள் நிற்பார்கள்.
அளந்து வாங்குங்கள் என்றார் பெரிய டீச்சர்.
பாடத்திலும் அந்த வாரம் அளவுதான்.
ஸ்கேலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

முதலில் பெஞ்சு.
டெல்வினுக்கு ஒன்பது சாண்.
சுஜிஷாவுக்கு எட்டரை.
"எனக்க பெஞ்சுதான் வலுது" என்றான் டெல்வின்.
ஒரே பெஞ்சின் இரண்டு நுனியில்
உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்.

அப்புறம் தீக்குச்சி.
ஜெபினோ குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே
ஒரு விரல் இடம் விட்டு வைத்தான்.
ஏன் என்றேன்.
"கரையில வள்ளம் அப்படித்தானே ஏத்தி வைப்பாவ,
ஒட்டி வச்சா உரசும்."
சரிதான் அவன் சொன்னது,
வள்ளத்துக்கு.

முற்றத்துக்குக் குச்சி காணாது.
குதிகாலை நுனிவிரலில் முட்டவைத்து
பதினாறு பேரும் நடந்தார்கள்.
அறுபத்தொன்று. அறுபத்தாறு. எழுபது.
பாதிவழியில் காக்காயைப் பார்த்து
எண்ணைத் தவறவிட்டவனுக்கு
"கொறச்சு நெறைய."

எல்லாரும் சரி என்றால் கயிறு வாங்க முடியாது.
அன்று வெறுங்காலோடு வந்தவள் ஆன்சிலா மட்டும்;
செருப்பின் வார் அறுந்திருந்தது.
அதுதான் கலப்படமில்லாத அளவு என்று
வகுப்பு முடிவு செய்தது.
அறுபத்துமூன்று.

குளச்சல் வலைக்கடையில்
எத்தனை மீட்டர் என்றார் கடைக்காரர்.
"அறுபத்துமூன்று ஆன்சிலா."
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.
அவர் இரண்டு கையையும் விரித்து
பாகம் பிடித்துப் பார்த்தார்.
அந்த அளவு அவரிடம் இல்லை.

சனிக்கிழமை
அளவையே கூட்டிக்கொண்டு போனேன்.
துணைக்கு அவள் அம்மா ஷைபி.
சிமெண்டுத் தரையில் நீலக்கயிற்றை நீட்டிவிட்டார்கள்.
குதிகால், விரல், குதிகால், விரல்,
வாய்க்குள் எண்ணியபடி போனாள்.
நாற்பதில் கடை முடிந்துவிட்டது.
கயிற்றைத் திருப்பிப் போட்டார்கள்.
மிதவை வாங்க வந்த இரண்டு பேர்
பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள்.

"முடிச்சுக்கு ரெண்டு கூட்டிப் போடட்டா?"
கடைக்காரர் என்னிடம் கேட்கவில்லை,
அவளிடம் கேட்டார்.
"மூணு" என்றாள்.

கயிறு சரியாக இருந்தது.
டெம்போக்காரர்கள் அதைப் பார்த்து
ஹாரன் அடித்தார்கள்.
ஒரு மழை, ஒரு வெயில்,
ஒரு பண்டிகைக்குத் தோரணமும் தாங்கியது.

அடுத்த ஜூனில் அவர்கள் மூன்றாம் வகுப்பு.
யாரும் சொல்லாமலே
ஆன்சிலா கயிற்றோரம் நடந்து பார்த்தாள்.
அறுபது.
திரும்பி நடந்தாள்.
அறுபதுதான்.
"டீச்சரே, முற்றத்துல கொஞ்சத்தை ஆரோ எடுத்திருக்காவ."

"கடலு" என்றான் ஜெபினோ.
"எனக்க வீட்டுலயும் எடுத்தது.
கோழிக்கூடு இருந்த எடம் வரைக்கும்."

நான் சாவியைத் தேடி
பீரோவைத் திறந்து
ஸ்கேலை எடுத்து வந்தேன்.
ஆன்சிலா காலை நீட்டினாள்.
பார், கால் வளர்ந்திருக்கிறது,
முற்றம் அப்படியேதான் இருக்கிறது என்றேன்.
சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்,
புதுச்செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

ஜெபினோ போகவில்லை.
ஸ்கேலையே பார்த்துக்கொண்டு நின்றான்.
"அப்பம் எங்க முற்றத்துக்கு
ஆருக்க கால் வளந்துது, டீச்சரே?"