கையை எடுங்கள்

வியாழக்கிழமை. டர்பன் துறைமுகம் தெரிகிற
ஆறாம் மாடிக் கூடத்தில் பதினாலு டாக்டர்கள்.
வயதில் நான்தான் மூத்தவன்.
சாட்ஸ்வொர்த்தில் முப்பத்தொரு வருஷம்
தொண்டை பார்த்தவன், சர்க்கரை பார்த்தவன்.
கழுத்தைப் பார்த்ததில்லை என்று
அன்று காலை பத்தரைக்குத் தெரிந்தது.

டாக்டர் நொம்வூலா, என் மகளைவிட இளையவள்,
சத்தமில்லாத வீடியோ ஒன்றை ஓடவிட்டாள்.
யாரோ ஒருவர். தலை இடப்பக்கம் போகிறது,
இழுத்து வருகிறார், போகிறது.
என்ன தெரிகிறது?
பக்கவாதம், என்றார் ஒருவர். பதற்றம், என்றார் இன்னொருவர்.
நான் வாய் திறக்கவில்லை.
அந்த மனிதர் இரண்டு விரலைத் தாடையில் வைத்தார்,
ஈ உட்காருகிற பாரம்தான்.
தலை நேரானது.
டிஸ்டோனியா, என்றாள்.
எங்கே தொட்டால் நிற்கிறது என்று
உங்களில் யாராவது, எப்போதாவது கேட்டதுண்டா?

கோகி.

கோகிலாம்பாள் முனிசாமி, பேவியூ.
ஜேக்கப்ஸில் சட்டைக் காலர் தைத்தவள்.
பதினொரு தடவை என் எதிரில் உட்கார்ந்தாள்
கன்னத்தில் கைவைத்து.
கன்னத்தில் கைவைத்தால் கவலை என்று
தமிழில் பிறந்த யாருக்கும் தெரியும்,
நானும் கவலை என்றே எழுதினேன்.
கையை எடுங்கள், கழுத்தைப் பார்க்கணும், என்றேன்.
எடுத்தாள். தலை சுவர்ப்பக்கம் போனது.
தூக்க மாத்திரை. ஒரு மாதம் கழித்து வாருங்கள்.

நாத்தனாரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்
என்று வீட்டில் பேச்சாம்.
நம் மொழியில் அது நோயல்ல, குற்றம்.
காவடி சமயத்தில் மருள் என்று தேங்காய் உடைத்தார்களாம்.
வந்த சாமி மலையேறும், இது ஏறவில்லை.
சூப்பர்வைசர் மட்டும் நேரே சொன்னான்:
காலர் கோணுகிறது.

மத்தியானம் ஊசிப் பயிற்சி.
திரு. ம்தெம்பு, ஓய்வுபெற்ற லாரி டிரைவர்,
அன்றைக்குக் கழுத்தை எங்களுக்கு வாடகைக்கு விட்டவர்.
பத்து வருஷம் இடது கண்ணாடியை மட்டும் பார்த்து ஓட்டினேன்
என்றார், நாங்கள் சிரிப்பதற்காகத்தான்.
கம்பி கோத்த ஊசி தசைக்குள் நுழைந்ததும்
பெட்டி இரைந்தது,
தகரக் கூரையில் மழை.
கத்துகிற தசைக்கு மட்டும் மருந்து, என்றாள்.
மருந்தா? விஷம்.
பில்ச்சர்ட் டின் உப்பியிருக்கிறதா என்று
குழம்பு வைக்குமுன் என் மனைவி தட்டிப் பார்ப்பாளே,
அதே விஷம், துளியில் துளி.
மூன்று மாதம் நிற்கும், பிறகு மறுபடி.
ஒரு குப்பியை இரண்டு பேருக்குப் பங்கிடவேண்டும்,
அதனால் இரண்டு பேரும் ஒரே நாளில் வரவேண்டும்,
பஸ் ஸ்டிரைக் இல்லாத நாளாக.

இரவு மின்வெட்டு.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பழைய அட்டைகளைக் கிளறினேன்.
என் கையெழுத்துதான். மனக்கவலை. மனக்கவலை.
இன்னும் எத்தனை கழுத்து, மூடினால் திறக்காத இமை,
பேனா பிடித்தால் சுருட்டிக்கொள்கிற விரல்.
ஒன்பது அட்டையை ஒதுக்கி வைத்தேன்.
ஒன்று என் மைத்துனன்.

எண் மாறவில்லை.
வந்தாள். பஸ்ஸில் எப்போதும் கடைசி சீட்டாம்,
பின்மண்டைக்கு ஏதாவது கிடைக்கும்.
இப்போது என் எதிரில்
இரண்டு கையும் மடியில்,
தலை சுவர்ப்பக்கம்,
கண் மட்டும் கஷ்டப்பட்டு என்மேல்.
மன்னிப்பை மனப்பாடம் செய்திருந்தேன்.
வரவில்லை.
எங்கே தொட்டால் நிற்கும், என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
வெளியே யாரோ இருமினார்கள்.
பிறகு,
கையை வைக்கலாமா, டாக்டர்?