எந்தப் பக்க யன்னல்

வுப்பர்டாலில் சனிக்கிழமைகளில்
என் மகன் அகரன்
தொங்கு ரயிலில் ஆற்றுக்கு மேலே போகிறான்.
ஓபர்பார்மனிலிருந்து ஃபோவிங்கல்,
திரும்ப ஓபர்பார்மன்.
கதவு மூடும் ஓசைக்கு மட்டும் சிரிப்பான்.

கூடப் போவது நானில்லை, சுகிர்தமலர்.
அவள் மகளும் அதே சிறப்புப் பள்ளி.
'எல்லாம் சரிவரும்' என்று
ஒருநாளும் சொன்னதில்லை அவள்.
அவனுடைய காதடைப்பானை எடுத்தாள்,
'நீ படு' என்றாள்.
முதல் சனி உடுப்பு மடித்தேன்.
நித்திரை கொள்ளப் பழக
இரண்டு மாதம் பிடித்தது.

கோயிலில் கேட்டார்கள்,
என்ன பாவமோ என்று.
அவள்தான் திருப்பிக் கேட்டாள்:
'உங்களில் ஆருக்கு
ஞாயிறு பின்னேரம் நேரமிருக்கு?'
ஒருவரும் வாய்திறக்கவில்லை.

போன கிழமை ஒருத்தி
சப்பாத்தைக் கழற்றாமல்
வாசலில் நின்றாள்.
'அவனுக்கு எந்தப் பக்க யன்னல்?'