தொண்ணூறு

என்னோடு வந்த பாடப்புத்தகத்தில் தொண்ணூறு என்பது
நான்கு இருபதும் ஒரு பத்தும்.
வெர்வியே ஊரில், வாத்லே வீட்டில், அப்படியில்லை.
நொனான்த் என்றார் ஃபாபியென்
ரொட்டிக்கடை ரசீதைக் காட்டி, ஒரே மூச்சில்.
பெருக்கல் கணக்கெல்லாம் பிரான்சுக்காரர்களுக்கு,
பெல்ஜியத்தில் நாங்கள் எண்ணிவிட்டுப் போவோம்
என்றார் ரெஜீஸ். பிறகு கொஞ்சம் யோசித்து,
எண்பதுக்கு மட்டும் பெருக்குவோம்,
ஏன் என்று கேட்காதே.

உங்கள் மொழியில் எப்படி என்று கேட்டாள் மாயெல்.
ஏழு வயது. முன்பல் இரண்டும் இல்லை.

எண்பதுவரை ஒழுங்காகத்தான் வருவோம் என்றேன்.
அதற்கப்புறம் பொறுக்காது.
பத்துப் படி மிச்சமிருக்கும்போதே
நூறு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.
தொண்ணூறு. கேள், உள்ளே நூறு இருக்கிறது.

இதைச் சொல்லி முடிக்க எனக்கு ஆனது
இருபது நிமிடம், இரண்டு காகிதம்,
ஒரு முழு ரொட்டி.

என்னை 'த்யு' என்று கூப்பிடு, நீ என்று,
முதல் நாளே சொல்லிவிட்டார் ஃபாபியென்.
அந்த வயதுக்காரரை நீ என்பதற்கு
என் நாக்கில் பாதை கிடையாது.
அதனால் நாலு மாதம் எழுவாய் இல்லாமலே பேசினேன்.
உப்பு வேண்டுமா. குளிர்கிறதா. கதவைச் சாத்தலாமா.
தமிழில் இவை வாக்கியங்கள்.
அவர்களுக்குத் தலையில்லாத பிரெஞ்சு.
மாயெல் ஒவ்வொன்றுக்கும் தலை வைத்துத் தருவாள்.
மேசை பெண், கட்டில் ஆண்,
இதுகூடத் தெரியாதா என்பாள்.
இரண்டுமே எங்களுக்கு அஃறிணை என்றால்
மேசையைத் தடவிக் கொடுப்பாள், பாவம் என்று.

என்னிடம் பேசும்போது மட்டும்
அந்த வீடு மெதுவாகும்.
கழுவிய தட்டுகளைப்போல
ஒவ்வொரு சொல்லையும் ஈரம் துடைத்து
என் முன்னால் வைப்பார்கள்.
தங்களுக்குள் பேசினால் அது வெஸ்த்ர் ஆறு,
பாலத்தடியில் கல்லும் நுரையும் இரைச்சலும்.
எப்போதாவது ஒரு வினைச்சொல் தலை தூக்கும்.
பெயர் கேட்பதற்குள் போய்விடும்.

பிப்ரவரியில், திரவ இயக்கவியல் தேர்வுக்கு முந்தின இரவு,
சுவருக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள்.
வேகமாக, தாழ்ந்த குரலில்,
யாருக்காகவும் துடைத்து வைக்காமல்.
பாதி கடந்த பிறகுதான் உறைத்தது:
அகராதி மூடிக் கிடக்கிறது,
எனக்கு எல்லாம் புரிகிறது.

நாமூரில் பார்த்துவைத்த வாடகை வீடு.
மாதம் எழுநூற்றுத் தொண்ணூறு.
சின்னவளுக்கு விடுமுறை தொடங்கட்டும்.
அந்தப் பெண் ஊருக்குப் போகும்வரை
இப்படியே ஓட்டிவிடுவோம்.

அந்தப் பெண் என்றால் நான்.

சந்தோஷப்பட்டேன். முதலில் வந்தது அதுதான்,
எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.
விசா வரிசை, மாலை வகுப்பு,
லியேஜ் ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு
உதடசைத்த ஒலிப்பதிவுகள்,
எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தானே.
ஃபாபியென் அழத் தொடங்கினார்.
அழுகைக்கு நடுவே வந்த
இறந்தகாலத்தைக்கூடச் சரியாகப் பிரித்தேன்.
அப்புறம் தலையணையை எடுத்துக்
காதின்மேல் வைத்துக்கொண்டேன்.
புரியத் தொடங்கிய மொழி
தலையணைக்கெல்லாம் அடங்குமா.

காலையில் காபி. ரொட்டி.
பேரிக்காய்ப் பாகு, கறுப்பாக, கண்ணாடிக் குப்பியில்.
ரெஜீஸின் கண்ணிமைகள் வீங்கியிருந்தன.
ராத்திரி நாங்கள் பேசியது
உன் தூக்கத்தைக் கெடுத்ததா, என்று கேட்டார்,
மிக மெதுவாக, எழுத்தெழுத்தாக.

மன்னிக்க வேண்டும், என்றேன், புரியவில்லை.
வேண்டுமென்றே வினையைக் கோணலாகத் திருப்பி.

பரவாயில்லை, பரவாயில்லை, என்றார்.
அவர் தோள்கள் ஓர் அங்குலம் இறங்கின.

மாயெல் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி
என்னையே பார்த்தாள்.
அந்த வாக்கியத்தை மட்டும் அவள் திருத்தவில்லை.
பாகுக் குப்பியை
என் பக்கமாகத் தள்ளினாள்.