உடனிருப்பவர்

மொத்தம் முப்பது மதிப்பெண்.
என்ன தேதி, என்ன கிழமை, எந்த மாவட்டம்,
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும்,
மூன்று பொருள் பெயர் சொல்லி
ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பேன்.
கொரடாச்சேரிக்குக் கிழக்கே பதினோரு கிராமம்,
அறுபது தாண்டியவர்கள் எல்லோரும் என் கணக்கு.
வண்டிக்குப் பெட்ரோல் தனி.

தஞ்சாவூர்ப் பயிற்சியில் டாக்டர் பர்வீன் சொன்னார்:
மறதிநோய் பெண்களுக்குத்தான் அதிகம்.
ஏன் என்று ஒருத்தி கேட்டாள்.
கூடுதல் காலம் உயிரோடிருக்கிறார்கள், அது ஒன்று.
பள்ளிக்கூடம் போகவில்லை, அது ஒன்று.
மாதவிலக்கு நின்றபின் உடம்பில் வற்றிப்போவது ஒன்று,
அதுபற்றி இன்னும் சண்டை முடியவில்லை என்றார்.
ஆண்களுக்கு ரத்தக்கொதிப்பு, பீடி, பாட்டில்.
எனக்கு நின்று எட்டு மாதம்.
எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்,
மறந்துவிடக் கூடாதே என்று.

உத்திராபதி, எழுபத்து மூன்று.
பொதுப்பணித் துறையில் லஸ்கர், ஓய்வு.
ஷட்டர் ஏற்றி இறக்கிய கை இன்னும் கனம்.
தேதி கேட்டேன். ஓட்டைப் பார்த்தார்.
உள்ளே கடுகு வெடிக்கும் சத்தத்தோடு ஒரு குரல்:
"நாளைக்கு இருபத்திரண்டு, கரண்டு பில்லு கட்டணும்னீங்களே."
"இருபத்தொண்ணு" என்றார் என்னிடம்.
சாவி, குடை, மூன்றாவது வரவில்லை.
"சாதத்துக்கு ஊறுகா வைக்கவா உங்களுக்கு?"
"எலுமிச்சை!"
இருபத்தேழு. நல்ல நிலை.

அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு ஞானாம்பாள்.
அறுபத்தெட்டு.
பள்ளிக்கூடம்?
"மழைக்கு ஒதுங்கியிருக்கேன், ரெண்டு தரம்."
தேதி?
"மேட்டூர் தொறந்து பத்தாம் நாள்.
நம்ம வாய்க்காலுக்கு இன்னும் வரல."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நூறில் ஏழு போனால்? பேசாமல் இருந்தாள்.
நூறு முடி நாத்துல ஏழு முடி போனா? என்றேன்,
அப்படிக் கேட்கக் கூடாது.
தொண்ணூத்தி மூணு எண்பத்தாறு எழுபத்தொம்போது
எழுபத்திரண்டு அறுபத்தஞ்சு
நிறுத்தச் சொல்லும்வரை போனாள்.
ஐங்கோணம் வரையச் சொன்னபோது
பேனாவை அகப்பை மாதிரி பிடித்தாள்.
உள்ளே யாரும் தாளிக்கவில்லை.
பதினாறு. மேல்பரிசோதனை தேவை.

ஐப்பசியில் அவளுக்காகத்தான் மறுபடி போனேன்.
வாய்க்கால் ரோட்டைத் தொட்டிருந்தது.
அவள் இல்லை. தங்கை புருஷன் செத்துவிட்டானாம்,
நாகூர்ப் பக்கம், காரியம் முடிந்துதான் வருவாள்
என்றார்கள் எதிர்வீட்டில்.
வந்ததற்கு அவரையே உட்காரவைத்தேன்.

எந்த மாவட்டம்?
"தஞ்சாவூர்."
அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அதுதான் சரி.
தேதிக்கு ஓட்டைப் பார்த்தார்,
பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தார்,
வெகுநேரம் பார்த்தார்.
"அஞ்சு மணிக்கு ஷட்டர் இறக்கணும்" என்று எழுந்தார்.
பதினொன்று.

ஆனியில் நான் இரண்டு தலைகளைச் சேர்த்து அளந்து
மொத்தத்தையும் ஒருவர் பெயரில் போட்டிருக்கிறேன்.

படிவத்தின் கடைசிக் கட்டம்: உடனிருப்பவர்.
ஆண்கள் நாற்பத்தொன்று பேர்,
முப்பத்தெட்டில் மனைவி என்று என் கையெழுத்து.
பெண்களுடையதைப் புரட்டினேன்.
மருமகள். மகள், திருப்பூரில். பக்கத்து வீடு.
கோடு. கோடு.
மகன் என்று ஒன்று, அடித்துவிட்டு மறுபடி கோடு.
என் வீட்டில்
கேஸ் புத்தகம் எங்கே, ராத்திரிக்கு எந்த மாத்திரை,
கொழுந்தன் மகளுக்கு எந்த முகூர்த்தம்,
கேட்டவுடன் என் வாயிலிருந்து வரும்.
நேற்று கேஸ் புத்தகத்துக்கு
ஒரு நிமிடம் ஆனது. அவர் கவனிக்கவில்லை.

"அவ எங்க போயிருக்கா?" என்றார் உத்திராபதி.
நாகூருக்கு என்றேன்.
வாசல்வரை வந்து அதையே கேட்டார்.
தங்கச்சி வீட்டுக்கு, நாகூர்.
வண்டியை உதைத்த பிறகு மூன்றாம் தரம்.
வேலையாக இருப்பவள் உள்ளிருந்து சொல்வதுபோல்
திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்,
"வந்துடுவாங்க. சாரல் அடிக்குது,
கதவச் சாத்திக்குங்க."