கூடாரம் ஏழின் விரிப்புகள்

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வேன் வந்து நிற்கும்.
அஸ்மான் ஹாரன் அடிப்பதில்லை.
பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு
எதிர்க்கடையில் தே ஓ குடிக்கப் போய்விடுவான்.
ஊத்தான் மெலிந்தாங் கடைத்தெருவில்
டயர் கடைக்கும் சாமிப்படக் கடைக்கும் நடுவே
எங்கள் டோபி.
மூட்டைகளை இறக்குவது நான்.

தீவுக்குப் போகிறவர்கள்
கூடாரத்தில்தான் படுக்கிறார்களாம்.
கூடாரத்துக்குள் ஏர்கான்,
பித்தளைக் குழாய் வைத்த குளியல்தொட்டி,
ஆயிரத்து அறுநூறு ரிங்கிட்.
மாசத்துக்கா என்று கேட்டேன்.
ராத்திரிக்கு என்றான்.
அவனும் முதல் நாள் அப்படித்தான் கேட்டானாம்.

விரிப்பின் மூலையில் நீல நூலில் எண் இருக்கும்.
மூன்று: மணல் மட்டும். ஒழுங்கான ஆட்கள்.
ஐந்து: சிவப்பு ஒயின், அதன்மேல் உப்பு.
கறை போக்கத் தெரிந்த யாரோ.
ஏழில்தான்
தீவே வரும்.

பல்லி விட்டுப்போன வால்.
பச்சையா நீலமா என்று
வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாற்றிச் சொல்லும் ஓர் இறகு.
வௌவால் சப்பிப் போட்ட கொட்டை.
ஒரு பிடி ஈசல் சிறகு.
ஆமை முட்டையிட வந்தால் எழுப்பவும் என்று
எழுதி நனைந்த சீட்டு ஒன்று.
எழுப்பினார்களோ, என்னவோ.

நூற்றுப்பத்து வகைப் பறவைகள் என்று
தலையணை உறையில் சிக்கிய மடிப்புத்தாள் சொன்னது.
அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகையில்
எங்கள் பக்கத்தை எண்ணிக்கொண்டு போனேன்.
செம்பனை.
அதற்கு அப்பால் செம்பனை.
வாய்க்கால். மறுகரையில்
செம்பனை.
மைனா உண்டு, கொக்கு உண்டு.
எலி பிடிக்கவென்று தோட்ட நிர்வாகம்
கம்பத்தின் உச்சியில் வைத்த பெட்டியில்
ஆந்தை உண்டு.
நம்ம கூரையைவிட அதுக்கு நல்ல தகரம்
என்பான் புவனேந்திரன், குலை வெட்டிய கையை
மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டே.

போன செவ்வாய்
ஏழின் தலையணை உறை நகர்ந்தது.

உதறினேன். நண்டு.
கட்டைவிரல் அளவு, முதுகில் வீடு சுமக்கும் ஜாதி.
ஆனால் வீடு சங்கு இல்லை.
வெள்ளையாக, வழவழவென்று, விளிம்பில் மரை ஓடிய
ஷாம்பு சீசா மூடி.
பின்பக்கம் பாதி வெளியே தெரிய
வெட்கப்படுவதுபோல் இழுத்து இழுத்துக்கொண்டது.
முதலாளியம்மா ஹுவி லிங் எட்டிப் பார்த்து,
சூடு மிஷினில் விழுந்தால் மிஷின் கெடும் என்றாள்.
நண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மைலோ டின், ஈர மணல், ஒரு துண்டு தேங்காய்.
செம்பனை அடியில் பொறுக்கிய நத்தை ஓடு மூன்று:
பெரியது, நடுத்தரம்,
உதடு உடைந்தது.
ராத்திரி முழுக்கத் தகரத்தைச் சுரண்டும் சத்தம்.
மூடியா இது, எலியா என்று
புவனேந்திரன் இருமுறை எழுந்தான்.
விடிந்து பார்த்தால் மூடி காலி.
உதடு உடைந்ததற்குக் குடிபோயிருந்தது.
ஏன் அதை என்று கேட்காதீர்கள்,
எனக்கும் பெரியதுதான் அழகாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை, இஸ்திரி போட்ட விரிப்புகளோடு
டின்னையும் வேனில் ஏற்றினேன்.
எங்கே விட, என்றான் அஸ்மான்.
ஏழுக்குப் பின்னால், கரைப்பக்கம்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
டின்னை முன்சீட்டில் வைத்து
பெல்ட் போட்டுவிட்டான்.

அந்த மூடி என் இஸ்திரி மேசைமேல் இருக்கிறது.
முகர்ந்தால் இன்னும் எலுமிச்சம்புல்.
எங்கள் தோட்டத்து ஓடு ஒன்று
அந்த ஆயிரத்து அறுநூறு ரிங்கிட் மணலில்
இந்நேரம் குறுக்கே போய்க்கொண்டிருக்கும்.
யாராவது படம் எடுப்பார்கள்.
தீவின் அரிய உயிர் என்று எழுதினாலும் எழுதுவார்கள்.

இன்று ஏழில் ஒன்றும் இல்லை.
மழையாம், படகு விடவில்லையாம்,
ஆள் வரவேயில்லையாம்.
நான் போட்ட மடிப்பு
நான் போட்டபடியே இருக்கிறது.
கணக்கில் துவைக்கச் சொல்லியிருக்கிறது.
துவைக்கிறேன்.