இரண்டாவது அளவீடு

பசுவின் முன்பற்கள் ஐந்நூறு
பீல் நகரத்து இறைச்சிக்கூடத்திலிருந்து
திங்கட்கிழமை வாளியில் வந்தன.
சட்டைப் பொத்தான் அளவில் வில்லைகளாய் அறுத்து
ஒரு வாரம் கறுப்புத் தேநீரில் ஊறவைத்தேன்.
சர்க்கரை போடவில்லை.
என் வாழ்நாளில் போட்ட தேநீர்களில்
இது ஒன்றுக்குத்தான் குறிப்பேட்டில் செய்முறை உண்டு.

கலவை நாற்பத்தொன்று:
பெரொக்சைட், கிளிசரின், கெட்டிப்படுத்தும் பசை,
புளிப்பைத் தணிக்க நான்கு துளி காரம்.
தணித்தால் வேகமாய் வெளுக்கும்,
ஆனால் பெட்டியில் இருக்கும்போதே செத்துவிடும்.
தணிக்காவிட்டால் இரண்டு வருடம் உயிரோடிருக்கும்,
சோம்பேறியாக.
ஆகவே இரண்டு குழல்கள், ஒரே மூக்கு.
வாயருகே வந்த பிறகுதான் அவை சந்திக்க வேண்டும்.
(இப்படிச் சில தம்பதிகளை எனக்குத் தெரியும்.)

சூரிச்சிலிருந்து ஓடர்மாட் வந்தார், விற்பனைப் பிரிவு.
"ஒரு மணி நேரம், எட்டுப் படி வெண்மை"
என்று அட்டையில் முன்கூட்டியே அச்சடித்திருந்தார்.
ஜெல்லைக் கழுவியதும் கருவியை வைத்தேன்.
எட்டு. ஒன்பதுக்குக்கூடக் கிட்ட.
அவர் கைதட்டினார்.
நான் வில்லைகளைச் செயற்கை உமிழ்நீரில் போட்டுவிட்டு
விளக்கை அணைத்து வீட்டுக்குப் போனேன்.

காலையில் நான்கு.

பல் காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.
காய்ந்த பல் சுண்ணாம்பாய்த் தெரியும்,
ஈரம் ஏறினால் தன் நிறத்துக்கு வந்துவிடும்.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற
நல்ல மனிதர் ஓடர்மாட்.
சாயம் வெளுத்துப்போச்சு என்பதை
ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
வரைபடத்தை அவர் பக்கம் திருப்பிவைத்தேன்.

"செறிவைக் கூட்டுங்கள்" என்றார்.
கூட்டினேன்.
வெண்மை கூடவில்லை, கூச்சம் கூடியது.
தன்னார்வலர் பட்டியலில் ஏழாவது,
பேருந்து ஓட்டும் கிஸ்லேன் ரொசெல்,
நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து
"மின்கம்பி!" என்று பிரெஞ்சில் கத்திவிட்டு
மன்னிப்பும் கேட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு.
கடிக்கக் கூடாதென்று
டாக்டர் அப்போதுதான் சொல்லியிருந்தார்.

பிறகு குறைத்தேன்.
செறிவு பாதி. பொட்டாசியம் நைட்ரேட் ஒரு சிட்டிகை.
ஒரே அமர்வு மூன்றானது,
நடுவில் ஒவ்வொரு வாரம் ஓய்வு.
கடிகாரம் செய்கிற ஊரில்
ஆறு மாதம் தேடி நான் கண்டெடுத்த மூலப்பொருள்
நேரம்.
அதைக் குழலில் அடைக்க முடியாது.
அட்டையில் அதற்கு இடமும் இல்லை,
எட்டு என்ற எண்ணை அவ்வளவு பெரிதாய்ப் போட்டிருந்தார்கள்.

பதினான்காம் நாள்: ஐந்து.
தொண்ணூறாம் நாள்: ஐந்தேதான்.
இரண்டு முறை கருவியைச் சரிபார்த்தேன்.
பிறகு, யாரும் இல்லாததால்,
வில்லைகளுக்கு ஒரு வணக்கம் வைத்தேன்.

ரொசெல் நேற்று சீருடையோடு வந்தார்,
இரண்டு ஓட்டத்துக்கு நடுவே பதினொரு நிமிடம்.
வடக்கு ஜன்னலருகே நிறுத்தி
நிறப்பலகையின் பீங்கான் பற்களை ஒவ்வொன்றாய்
அவர் பல்லருகே பிடித்தேன்.
"நாக்கால் நனைத்துக்கொள்ளுங்கள்.
சிரிக்காதீர்கள், உதடு மறைக்கிறது."
அதைக் கேட்டதும் சிரித்தார்.
மூன்று நிமிடம் போயிற்று.

எல்லாம் சேர்ந்தன, வலது கோரைப்பல் தவிர.
எந்தப் பீங்கானோடும் ஒட்டாமல்
சற்று மஞ்சள், சற்று வீம்பு.
"நாலாவது அமர்வு வைத்தால்..." என்றேன்.
"அதை விடுங்கள், அது அப்பாவின் பல்" என்று
தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினார்.

படிவத்தில் 'பிற காரணங்கள்' என்றொரு கட்டம் உண்டு.
அதில் என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.
குளிர்பெட்டியில் கலவை நாற்பத்தேழு,
இரண்டு குழல்களும் பக்கத்தில் பக்கத்தில்,
ஒன்றையொன்று தொடாமல்.