அங்க அடையாளம்

கோமாரி ஊசி போட வந்த என்னை
பாதி வழியில் மறித்தார் வனக்காவலர் கேத்தன்.
"டாக்டர், ஒரு ஆமை. என்ன இனம்னு எழுதித் தரணும்."
சேரம்பாடி, மூன்றாம் டிவிஷன், கடைசி லயன்.
ஷூவுக்குள் ஏறிய அட்டையோடு போய் நின்றேன்.

வாசலில் கவிழ்ந்து கிடந்தது ஓடு.
மல்லாத்தினால் தொட்டி.
நாலு பிள்ளைகள் குளித்துக் கரையேறியது.

தலை இல்லை.
இருந்திருந்தால் கண்களுக்கு நடுவே
செதில் ஒரு ஜோடியா இரண்டா என்று பார்த்து
ஒரு நிமிடத்தில் முடித்திருப்பேன்.
நகம் எண்ணத் துடுப்பும் இல்லை.
நான் மாட்டு வைத்தியன்.
கடலாமை எனக்கு
பரீட்சைத் தாளில் ஐந்து மதிப்பெண்.

தோணியாமை இல்லை,
அதற்குத் தகடே கிடையாது, தோலும் வரிகளும்தான்.
பங்குனி ஆமை இவ்வளவு வளராது,
விலாத் தகடு ஆறு ஏழு இருக்கும்.
பெருந்தலை ஆமைக்கு ஐந்து.
விரல் வைத்து எண்ணினேன்.
இடப்பக்கம் நாலு.
வலப்பக்கம் மூன்று, அப்புறம் சிமெண்ட்.
உடைந்த இடத்தில் இந்திராணி பூசியது.
மூன்றும் ஒரு சிமெண்டும் நாலு என்று வைத்துக்கொண்டேன்.

மிச்சம் அழுங்காமை, பேராமை.
அழுங்காமை என்றால் ஓடு வேய்ந்ததுபோல
ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஓரம் ரம்பம்.
இதில் தடவிய நகம் எங்கும் இடறவில்லை.
தகடும் தகடும் பக்கத்தில் பக்கத்தில்,
இந்த லயன் வீடுகள் மாதிரி
ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு.

"பேராமை" என்றேன். கேத்தன் எழுதினார்.
அடுத்த கட்டம்: கிடைத்த இடம்.

இந்திராணி உள்ளே போய்
பிளாஸ்டிக் உறையில் ஒரு அட்டை கொண்டுவந்தார்.
தலைமன்னார் கப்பல். மண்டபம் முகாம் முத்திரை.
தாயகம் திரும்பியோர்.
"முகாம் மணல்ல கெடந்துச்சு சார்.
மலையேறுறப்ப மழை.
அப்பா தலைல கவுத்துக்கிட்டு வந்தாரு."

அட்டையில் கடைசிப் பெயர் அவருடையது. வயது ஆறு.
அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு,
வலது முழங்கையில் மச்சம்.
யாரும் கேட்கவில்லை.
அவரே ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டினார்.
"மச்சம் இருக்கு. தழும்புதான் தேஞ்சுபோச்சு."

கேத்தன் சேரம்பாடி என்று எழுதினார்.
அடித்துவிட்டு மண்டபம் என்று எழுதினார்.
அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப்பில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.
அது கிடந்த இடத்தில்
நனையாத மண், முட்டை வடிவத்தில்.
தூறல் அதன் ஓரத்தைத் தொட்டது.

குவார்ட்டர்ஸ் வந்து ஷூவைக் கழற்றினேன்.
அட்டை குடித்து முடித்து
எப்போதோ உதிர்ந்திருந்தது.